ஒரு மரம், இரண்டு வில்

ஆரோக்கியராஜ் பிறப்பால் ஆசாரி இல்லை. அப்பா சவுரியப்பன் கடைசிவரை அடுத்தவர் காட்டில் மஞ்சள் வெட்டியே காலத்தைத் தள்ளியவர். மகன் மீசை முளைக்கும் முன்பே பெங்களூர் ரயில் ஏறி, ஒரு கதவுப் பட்டறையில் மரத்தூள் அள்ளுகிறவனாகச் சேர்ந்தான். பிறகு இழைப்புளி பிடித்தான், உளி பிடித்தான், ஊருக்குத் திரும்பும்போது முழு ஆசாரியாகவே திரும்பினான். கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் தன் கிராமத்தில் பட்டறை போட்டபோது, "இவன் எப்போலேருந்து ஆசாரி ஆனான்?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள். ஆரோக்கியராஜ் மறக்கவில்லை. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அந்தச் சிரிப்பு அவர் காதுக்குள்தான் இருந்தது.

அதனால் மனிதருக்கு இரண்டு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் வீட்டுக்குப் போனாலும், அது எழவு வீடாகவே இருந்தாலும், முதலில் கதவை ஒருமுறை மூடித் திறந்து பார்ப்பார். சட்டத்தில் இடிக்கிறதா, கீல் முனகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துக்கம் விசாரிப்பார். இன்னொன்று, மர விஷயத்தில் 'தெரியாது' என்று சொல்லவே மாட்டார். எந்தக் கட்டையைக் காட்டினாலும் ஏதோ ஒரு பேர் உடனே வந்து விழும். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும்.

வேலை சுத்தம் என்பதை மட்டும் எதிரிகூட ஒப்புக்கொள்வான். பட்டி பார்ப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. மரத்தில் முடிச்சு விழுந்திருக்கும், கீறல் ஓடியிருக்கும். அதே மரத்தின் தூளைச் சலித்து, பசையில் குழைத்து, கீறலுக்குள் அழுத்தி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பாலிஷ் ஏற்றிவிட்டால் போதும். "எங்க பட்டி போட்டுருக்கேன், கண்டுபிடிங்க பாக்கலாம்" என்று வீட்டுக்காரரையே கூப்பிட்டுச் சவால் விடுவார். அவர்கள் கதவு முழுக்கத் தடவிப் பார்த்துத் தோற்றுப்போவார்கள். அதில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அவருக்கு ஒரே மகள், சுசித்ரா. பதினொன்றாம் வகுப்பு. பக்கத்துக் காட்டுக்காரர் கோவிந்தனின் மகள் கோகிலவாணியும் அதே வகுப்பு. சாமி வேறு, சாதி வேறு என்றாலும் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் வேலி கிடையாது. ஆரோக்கியராஜின் மரக்கட்டைகள் அடுக்கி வைத்திருப்பதே கோவிந்தனின் கொட்டகையில்தான். வாடகை என்ற பேச்சை எடுத்தாலே கோவிந்தன் முறைப்பார். கோகிலவாணிக்கு ஆரோக்கியராஜ் சித்தப்பா, சுசித்ராவுக்குக் கோவிந்தன் பெரியப்பா.

இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தில் அம்பு விடப் பழகினார்கள். விளையாட்டு ஆசிரியர் மாதவராஜ் எங்கிருந்தோ வாங்கி வந்த மூங்கில் வில்லை வைத்துக்கொண்டு, வைக்கோல் திரையில் காகிதம் ஒட்டி, மதிய வெயிலில் நிற்பார்கள். மாவட்டத் தேர்வு நெருங்கிய சமயம் பார்த்து மூங்கிலெல்லாம் உளுத்துப்போய், இழுத்தால் மாவு கொட்டியது. புது வில் வரவழைக்க நாளாகும் என்று ஆசிரியர் கையைப் பிசைந்தார்.

"மூங்கில் சிம்பெல்லாம் ஒரு வில்லாங்க சார்?" என்றார் ஆரோக்கியராஜ். "நான் செஞ்சு தரேன். மரத்துல. ரெண்டு புள்ளைக்கும்."

"வில் வேற, கதவு வேறங்க" என்று இழுத்தார் மாதவராஜ்.

"மரம் மரந்தானுங்க சார்."

அந்த நேரத்தில்தான் அரூர் சாலையை அகலப்படுத்த ஓரத்து மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஏலம் எடுத்தவர் புளியையும் வேம்பையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட, ஒரே ஒரு மரத்தின் துண்டு மட்டும் கேட்பாரில்லாமல் கிடந்தது. நின்றபோதும் அது யாருக்கும் பேர் தெரியாத மரம். பூத்ததை ஒருவர் பார்த்ததாகச் சொன்னார், இன்னொருவர் அது பூக்கவே பூக்காது என்றார். ஆரோக்கியராஜ் அதில் ஒரு சிம்பைச் செதுக்கி முட்டியில் வைத்து வளைத்துப் பார்த்தார். வளைந்தது, விட்டதும் விருட்டென்று நிமிர்ந்தது. அவர் முகம் மலர்ந்துபோனது. ஏலக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கோவிந்தன் தன் டிராக்டரிலேயே அதை ஏற்றி வந்து கொட்டகையில் இறக்கினார்.

அறுக்கக் கொண்டுபோன இடத்தில் வாள்பட்டறை மாது கட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "என்ன மரம்ண்ணா இது?"

"தடசு" என்றார் ஆரோக்கியராஜ், கண்ணை இமைக்காமல்.

"தடசுன்னா பட்டை நாராட்டம் உரியுமே. இது அப்புடி இல்லையே."

"அறுக்கறதுதான் உன் வேலை. மரத்துக்கு என்ன ஆதார் கார்டா குடுத்துருக்காங்க? நான் சொல்றேன், தடசு. நம்ம பக்கம் அந்தக் காலத்துல வில்லுக்கே இதுதான்."

மாது வாயை மூடிக்கொண்டு அறுத்தான். உள்ளே கட்டை காய்ந்த புளியம்பழ ஓட்டின் நிறத்தில் இருந்தது. நடுவில் வெடிப்பு ஓடியிருந்ததால் பெரும்பகுதி விறகுக்குத்தான் ஆகும் என்று ஆனது. தேறியது இரண்டே சட்டம். இரண்டு பெண்கள், இரண்டு சட்டம். ஆரோக்கியராஜ் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார்.

கதவு வேலையை ஓரங்கட்டிவிட்டு வில்லில் இறங்கினார். பழைய மூங்கில் வில்லை அளவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நடுவில் பிடி தடிமனாக, இரண்டு பக்கமும் போகப் போக மெலிதாக இழைத்தார். அரம் போட்டார். பிறகு உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்கினார். மனைவி சலேத்மேரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், "அந்த வில்லையே கட்டிக்கிட்டு குடும்பம் நடத்துங்க" என்று தட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள். அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். டீக்கடையில் சிரித்தவர்கள் வாயைப் பிளக்கப் போகிறார்கள் என்ற நினைப்பே அவருக்குச் சோறாக இருந்தது.

பட்டறைத் தூணில் ஆணிகள் அடித்து, வில்லின் பிடியை மாட்டி, நாணில் மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டார். முதல் வில் மெல்ல வளைந்து, பையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்தது. மணலைக் கூட்டினார். அப்போதும் அப்படியே. கையால் இழுத்து விட்டால் நாண் முரலும் ஓசை பட்டறைக்குள் நின்றது.

இரண்டாவதை மாட்டினார். பை கீழே இறங்கி முக்கால் வளைவுக்கு வந்தபோது, 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தைக் கடித்தால் வருகிற சத்தம்தான். ஆரோக்கியராஜ் பையை உடனே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

வில்லின் மேல் கையில், அதாவது பிடிக்கு மேலே வளைகிற பாகத்தில், ஒரு சின்ன முடிச்சுக்குப் பக்கத்தில், மயிரிழைக் கீறல் சாய்வாக ஓடியிருந்தது. விரலுக்குத் தட்டுப்படவில்லை. விரலை நாக்கில் நனைத்துத் தடவிய பிறகுதான் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. வேறு சட்டம் இல்லை. தேர்வுக்கு நாளும் இல்லை. மாதவராஜிடம் போய், "சார், ஒண்ணுதான் தேறுச்சு, இன்னொண்ணுக்கு என்னால முடியலை" என்று சொல்லலாம். டீக்கடையில் அதை எப்படிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று அவருக்கு அட்சரம் பிசகாமல் தெரியும்.

அவர் கை தானாகவே மரத்தூளைச் சலித்தது. பசையில் குழைத்தது. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. கீறலை லேசாக விரித்துப் பட்டியை உள்ளே செலுத்தி, துணியால் இறுகக் கட்டி நிழலில் வைத்தார். காய்ந்ததும் தேய்த்து, இரண்டு வில்லுக்கும் ஒரே பாலிஷ் ஏற்றினார். கதவில் என்றால் அந்தக் கீறல் அவர் பேரன் காலம் வரைக்கும் நிற்கும். கதவு வளைவதில்லை. அது அவருக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தெரிந்தும், பாலிஷ் காய்ந்த வில்லைப் பார்த்தபோது மனசு அதை உள்ளே ஏற்ற மறுத்தது. இவ்வளவு அழகாக இருக்கிற ஒன்று எப்படி உடையும் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுசித்ரா வந்த கையோடு இரண்டு பெண்களும் பட்டறைக்கு ஓடி வந்தார்கள். பின்னால் கோவிந்தனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வில்லும் சுவரில் சாய்ந்திருந்தன. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கோகிலவாணி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஆசையாக ஒன்றை எடுத்தாள்.

"சித்தப்பா, இதை நான் எடுத்துக்கட்டுமா?"

அவள் எடுத்தது முதல் வில்.

"அது சுசிக்கு அளவு பாத்து செஞ்சது கண்ணு" என்றார் ஆரோக்கியராஜ். "உன்னுது இந்தா, இது." அவள் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு, மற்றதைக் கொடுத்தார்.

ஒரு நொடிகூட யோசித்து எடுத்த முடிவில்லை அது. கொடுமை என்றால் அதுதான் கொடுமை. கோகிலவாணி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கோவிந்தன் வில்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா ஆரோக்கியம், கோயிலுக்குச் செஞ்சாப்புல செஞ்சுருக்கியே" என்றார்.

"தடசுண்ணா. அவ்ளோ சீக்கிரம் ஒண்ணும் ஆவாது."

அதன் பிறகு ஆரோக்கியராஜுக்கு வேலை ஓடவில்லை. மதியமானால் பள்ளிக்கூடத்துக் கம்பி வேலிக்கு வெளியே போய் நிற்பார். மகள் விடும் அம்பைப் பார்க்க வந்திருக்கிறார் என்று மாதவராஜ் நினைத்தார். ஆரோக்கியராஜ் மகளைப் பார்க்கவே இல்லை. கோகிலவாணியின் வில்லின் மேல் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் நாணை மோவாய் வரை இழுக்கும்போதெல்லாம் அவர் மூச்சு நின்று, அம்பு போனதும் திரும்பி வரும். வில் தாங்கியது. மறுநாளும் தாங்கியது. அந்த வாரம் முழுக்கத் தாங்கியது. பட்டி பிடித்துக்கொண்டது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வேலிக்குப் போவதை நிறுத்தினார்.

தேர்வு தருமபுரியில், ஒரு மைதானத்தில். கோவிந்தனும் ஆரோக்கியராஜும் ஒரே வண்டியில் போனார்கள். கோவிந்தன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கோகிலா ஜெயித்து ரயிலேறி எங்காவது போனால் பானுமதி அழுது ஊரைக் கூட்டிவிடுவாள் என்று மனைவியைக் கேலி பண்ணினார். ஆரோக்கியராஜும் சிரித்தார்.

சுசித்ராவின் முறை முதலில் முடிந்தது. நன்றாகவே விட்டாள். அடுத்து கோகிலவாணி கோட்டில் வந்து நின்றாள். காலை வெயில் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. இரண்டு அம்புகள் போயின. மூன்றாவதுக்கு நாணை இழுத்து மோவாயில் நிறுத்தி, குறி பார்த்தாள்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். வில்லின் மேல் கை முறிந்து, நாணோடு சேர்ந்து அவள் முகத்தில் வந்து அறைந்தது. அவள் கத்தவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் ரத்தம் இறங்கியது.

கோவிந்தன் கயிற்றைத் தாண்டி ஓடினார். மாதவராஜ் ஓடினார். சுசித்ரா, "கோகி, கோகி" என்று அலறிக்கொண்டு ஓடினாள். எல்லோரும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியபோது, ஆரோக்கியராஜ் மட்டும் எதிர்த்திசையில் போனார். புல்லில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கினார். முறிந்த இடத்தில் பாதி மரத்தின் நிறம், பாதி காய்ந்த பசையின் மஞ்சள். உடைப்பு பட்டியோடு அளவெடுத்த மாதிரி ஓடியிருந்தது. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்ட பிறகுதான் அவரும் ஓடினார்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு சேலத்துக்கு அனுப்பினார்கள். மரச்சில்லு ஆழமாகப் போயிருந்தது. வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

சேலத்திலிருந்து திரும்பிய அன்றே ஆரோக்கியராஜ் அந்தத் துண்டுகளைப் பட்டறை அடுப்பில் போட்டு எரித்தார். சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

மேலதிகாரிகள் கேட்கிறார்கள் என்று மாதவராஜ் வந்து நின்றார். பல நாள் தூங்காத முகம். "நான் என்னன்னு சொல்றதுங்க? அது என்ன மரம்?"

"தெரியலைங்க சார்" என்றார் ஆரோக்கியராஜ்.

"தடசுன்னு சொன்னீங்களே?"

"அப்புடித்தான் நெனைச்சேன். பேர் தெரியாத மரமுங்க சார். அதோட கொணம் யாருக்குத் தெரியும்?"

மர விஷயத்தில் வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரியாது என்று சொன்னார், அதுவும் பட்டி போட்டதை மறைக்கச் சொன்னார். அந்தப் பதிலை ஊர் அப்படியே கையில் வாங்கிக்கொண்டது. பேர் தெரியாத மரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்ததே தப்பு என்றார்கள். வெட்டும்போதே அதன் அடியில் ஏதோ இருந்தது என்று ஒருவர் கிளப்பிவிட்டார். மாது மட்டும், "நான் அப்பவே கேட்டேன்" என்று முனகிவிட்டு அடுத்த கட்டையை வாளில் ஏற்றினான். டீக்கடையில் யாரும் ஆரோக்கியராஜைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பாவம் என்றுதான் சொன்னார்கள்.

அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது கோவிந்தன்தான். சண்டைக்கு வருவார், சட்டையைப் பிடிப்பார் என்று காத்திருந்தார். கோவிந்தன் வரவில்லை. கொட்டகையில் மிச்சமிருந்த கட்டைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு இவரைக் கூப்பிட்டார்.

"நாந்தான ஆரோக்கியம் இதை டிராக்டர்ல ஏத்தியாந்தேன். ரோட்டுலயே கெடக்கட்டும்னு வுட்டுருந்தா எம்புள்ளைக்குக் கண்ணு இருந்துருக்கும். பானுமதி மூஞ்சியப் பாக்க முடியலை. நீ ஆசையா செஞ்சு குடுத்த, உன்னையும் நாந்தான் இதுல இழுத்து வுட்டுட்டேன்."

"அப்புடியெல்லாம் பேசாதீங்கண்ணா" என்று மட்டும் ஆரோக்கியராஜ் சொன்னார். கீறலைப் பற்றி அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளும் கோவிந்தன் அதையேதான் புலம்பிக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம், தான் ஏற்றி வந்த மரம் என்றே சொன்னார். கழனிக்குப் போவதைக் குறைத்தார். டிராக்டரை எடுக்கவே இல்லை. ஆரோக்கியராஜ் அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் பட்டறைக்குப் போய்வரத் தொடங்கினார்.

நின்றுபோன தேர்வை மறுபடி நடத்தப் போவதாகச் செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் வில் பயிற்சியை நிறுத்திவிட்டிருந்தாலும், சுசித்ராவுக்கு விருப்பமிருந்தால் வீட்டார் சம்மதத்தோடு வரலாம் என்று மாதவராஜ் சொல்லி அனுப்பினார். சுசித்ரா மாலையில் பட்டறைக்கு வந்தாள். அவள் வில்லைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"கோகிதான் போவச் சொன்னாப்பா. எனக்காகவாச்சும் போடி, ரெண்டு பேருக்கும் சேத்து வுடுன்னு சொன்னா. எனக்குப் பயமா இருக்குது. இழுத்தா கையே வர மாட்டேங்குது."

"பயப்படாத கண்ணு."

"இதுவும் அதே மரம்தானப்பா. இதுவும் உடைஞ்சுட்டா?"

ஆரோக்கியராஜ் இழைப்புளியைக் கீழே வைத்தார். மகளின் கண் இரண்டும் அவரையே பார்த்தன. அந்த இரண்டு கண்ணையும் காப்பாற்றித் தந்தது தன் கைதான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஆறுதலாகவே இருந்தது. அவளுடைய பயத்தை எப்படியாவது போக்கிவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தார்.

"உன்னுது உடையாது."

"எப்புடிச் சொல்றீங்க?"

"நான் பாரம் கட்டி இழுத்துப் பாத்தேன். ஒரு சத்தம்கூட வரலை. நீ தைரியமா விடு. உன்னுது உடையவே உடையாது."

சுசித்ரா துணி சுற்றிய வில்லைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப அதுல சத்தம் வந்துச்சாப்பா?"

ஆரோக்கியராஜ் வாயைத் திறந்தார். பேர் தெரியாத மரம், அதன் குணம் யாருக்குத் தெரியும் என்ற வார்த்தைகள் தயாராகத்தான் இருந்தன. ஊருக்கெல்லாம் சொன்னவைதான். மகளிடம் வரவில்லை. இழைப்புளியில் சிக்கிய சீவலை விரலால் எடுத்துக்கொண்டே இருந்தார்.

"அளவு பாத்து செஞ்சதுன்னு சொன்னீங்க" என்றாள் சுசித்ரா. "எனக்கும் அவளுக்கும் ஒரே ஒசரம்ப்பா. நாங்க துணிகூட மாத்தி மாத்திப் போட்டுக்குவோம்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

அப்பா ஏதாவது சொல்லுவார் என்று நின்று பார்த்தாள். பிறகு துணியைப் பிரித்து அவர் முன்னால் போட்டுவிட்டு, வெறும் வில்லைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கோவிந்தனின் காட்டு வழியில் இறங்கினாள்.

ஆரோக்கியராஜ் வாசல் வரை வந்தார். கூப்பிட்டால் அவள் நிற்பாள். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல், தானே செய்து மாட்டிய கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எதிரே கொட்டகைப் பக்கமிருந்து கோவிந்தனின் குரல் கேட்டது.

"வா சுசி, வா கண்ணு. இப்பத்தான் கோகிலா உன்னைக் கேட்டா. அப்பா எங்க, நாலு நாளா ஆளையே காணோமே. பாவம், அவன் ஒடைஞ்சு போயிருப்பான். நீயாச்சும் அவன்கிட்ட எடுத்துச் சொல்லும்மா, தப்பெல்லாம் இந்தப் பெரியப்பனோடதுன்னு."